சத்தத்தைக் கேளுங்கள்

பேலியகொடையில் எங்கள் நிலையத்துக் கணினிக்கு வயது 12. பெண்கள் சேமிப்புக் குழுவின் கணக்கு, தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களுக்காக எழுதிய கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. போன மாதம் அது இயங்கத் தொடங்கவே அரைமணி நேரம் எடுத்தது. கோப்புகள் பாதியில் நின்றன. வைரஸ்தான் என்று நானே முடிவு செய்து இரண்டு நாட்களை வீணாக்கினேன்.

கணக்குப் பார்க்க வந்த தையல்கார அக்கா காது கொடுத்துக் கேட்டார். "டிக் டிக் என்று சத்தம் வருதே மிஸ். என்ட மெஷின் இப்படிச் சத்தம் போட்டால் உடனே காலை எடுத்திடுவன்."

அவர் சொன்னது சரி. மேசைக் கணினியின் வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைத் தொடாமல், மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் வாசிக்கும் முனை நகர்கிறது. அது தடுமாறும்போது இப்படிச் சத்தம் வரும்.

உடனே நிறுத்தினோம். கணினி தெரிந்த தம்பி ஒருவர் வந்து கேபிளை மாற்றிப் பார்த்தார், சத்தம் நிற்கவில்லை. வன்தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் பழுதான பகுதிகள் கூடியிருந்தன. "இப்ப திருத்தப் போனால் மிச்சமும் போயிடும் அக்கா. முதலில் பிரதி எடுப்போம்" என்றார்.

பெரும்பகுதி தப்பியது. ஒரு வருடக் கணக்கு மட்டும் போய்விட்டது. அதைப் பெண்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த சேமிப்புப் புத்தகங்களைப் பார்த்தே திரும்ப எழுதினோம். நாங்கள் காப்பதாக நினைத்த கணக்கை அவர்களே காத்திருந்தார்கள்.

சகோதரிகளே, இப்போது மாதம்தோறும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கிறோம். நீங்களும் சத்தம் மாறும்வரை காத்திருக்காதீர்கள்.