கையைத் தூக்கினால் நிற்கும்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பாளையங்கோட்டையில் உங்களிடம் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட ரிட்டயர்டு லைன்மேன் எழுதுகிறேன். அன்றைக்கே நன்றி சொல்லப் பார்த்தேன். பாதி உதடு மரத்துக் கிடந்ததில் வார்த்தை கோணிக்கொண்டு வந்தது. அதனால் இந்தக் கடிதம். பத்திரிகை வழியாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. கிராம்புத் தைலமும் சட்டைப்பையில் வலி மாத்திரையுமாக நாளைத் தள்ளுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானே ஐம்பது வருஷம் அப்படி இருந்தவன்.

1975-ல் எனக்குப் பதினொரு வயது. சொத்தைப் பல்லைப் பிடுங்க ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். "வலிக்காதுலே" என்றார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். வலித்தது. வலி அன்று ராத்திரியே போய்விட்டது. மணிக்கட்டில் அந்தப் பிடி மட்டும் போகவில்லை. "கரண்டுக்குப் பயப்படாதவன் பல்லுக்குப் பயப்படுகிறான்" என்று எங்கள் செக்‌ஷனில் சிரிப்பார்கள். கரண்டுக்குப் பயப்படாதவன் இந்த வேலையில் ஓய்வு வயது வரை இருக்கமாட்டான், அது வேறு கதை.

உங்களிடம் வந்த முதல் நாள் நீங்கள் என் வாயையே பார்க்கவில்லை. நாற்காலியைச் சாய்க்காமல், ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினீர்கள். ஐந்து கேள்விகள். நாளைக்கு வைத்தியம் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, பல்லைக் குடையும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று. 1969-ல் நார்மன் கோரா என்பவர் நாலு கேள்வியாக அமைத்தாராம். அதில் ஊசி இல்லை. 1995-ல் ஹம்ஃப்ரிஸும் உடனிருந்தவர்களும் ஊசியைச் சேர்த்து ஐந்தாக்கினார்களாம். மொத்தம் 25 மதிப்பெண், 19-ஐத் தொட்டாலே கடும் பயம் என்றீர்கள். எனக்கு 22. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை.

"ஊசியா, மெஷின் சத்தமா, மூச்சு முட்டும் என்றா? எதுக்கு ஐயா பயம்?" என்று கேட்டீர்கள். "கையைப் பிடிச்சிருவாங்கன்னு" என்றேன். அறுபத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "இங்க யாரும் உங்க கையைத் தொடமாட்டாங்க. இடது கையைத் தூக்கினா நான் நிறுத்திருவேன். ஏன்னு கேக்க மாட்டேன்" என்றீர்கள்.

எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. துணைமின் நிலையத்தில் லைனை நிறுத்தி எல்.சி. கொடுத்துவிட்டால், வாங்கியவன் திருப்பிக் கொடுக்கும்வரை சப்ளை விடக் கூடாது. அந்த தைரியத்தில்தான் கம்பம் ஏறுகிறோம். அப்படியும் நம்பிக் கையை வைத்துவிடுவதில்லை. எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் தொடுவோம். உங்களிடமும் அதைத்தான் செய்தேன், மன்னிக்க வேண்டும். இரண்டாம் முறை வந்தபோது வெறும் கண்ணாடியை வைத்துப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். வலியே இல்லை. சும்மா கையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி அந்த நொடியே வெளியே வந்துவிட்டது. நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நானே கையை இறக்கினேன். என் பயத்தில் பாதி அந்த அரை நிமிஷத்தில் போனது.

தூக்க மாத்திரை எதுவும் இல்லாமல் வைத்தியம் முடிந்தது என்று சொன்னால், ஊசியே போடவில்லையா என்கிறார்கள். மரத்துப்போகிற ஊசி உண்டு. அதை நீங்கள் ஒளிக்கவும் இல்லை. ஈறில் ஜெல்லைத் தடவிக் காத்திருந்தீர்கள். தாடை எலும்புக்குள் நரம்பு நுழைகிற இடத்தருகே, இரண்டு மில்லி மருந்தை ஏற்ற இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டீர்கள். வேகமாக ஏற்றினால்தான் அதிகம் வலிக்குமாம். "இப்ப நெஞ்சு படபடன்னு அடிக்கலாம். அது பயமில்லை, மருந்தில கலந்திருக்கிற அட்ரினலின். ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கத்தான் சேர்க்கிறோம். கொஞ்ச நேரத்தில அடங்கிரும்" என்று முன்கூட்டியே சொன்னீர்கள். சொன்னபடியே அடித்தது, சொன்னபடியே அடங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் மாரடைப்பு என்று எழுந்து ஓடியிருப்பேன்.

அப்புறம், "கால் விரலை விடுங்க ஐயா" என்றீர்கள். குனிந்து பார்த்தால் பத்து விரலும் கம்பத்தைப் பிடித்த மாதிரி மடங்கி இருந்தன. விரலை விட்டேன், தாடையும் தானாகத் தளர்ந்தது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொன்னீர்கள். அதை இப்போதும் பஸ்ஸில் நெரிசலில் செய்துகொள்கிறேன்.

பல்லைக் குடையும்போது ஒரு இடத்தில் சுரீர் என்றது. இந்தமுறை நிஜமாகவே கையைத் தூக்கினேன். நின்றது. "வலிக்காதே" என்று நீங்கள் சாதிக்கவில்லை. வீங்கிப் புண்ணான இடத்தில் அமிலம் கூடியிருக்கும், மருந்து சரியாகப் பிடிக்காது என்று சொல்லி, இன்னொரு ஊசி போட்டுக் காத்திருந்தீர்கள். வலிக்கும் என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். மாத்திரையோ மயக்கமோ தேவைப்படுகிறவர்களும் உண்டு, அதில் கேவலம் ஒன்றுமில்லை என்றும் சொன்னீர்கள்.

ஒரே ஒரு குறை. வெளியே டிவியில் சீரியல் வேண்டாம். அழுகைச் சத்தம் எந்த அறையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் ரெண்டு பேர் எழுந்து போனதை நான் பார்த்தேன்.

வரும் வியாழக்கிழமை எங்கள் அக்காவைக் கூட்டி வருகிறேன். அறுபத்தெட்டு வயது. ஒரு பக்கமாகவே மென்று மென்று கன்னம் கோணிவிட்டது. உங்களைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன், நம்பவில்லை. வந்ததும் வலிக்காமலே கையைத் தூக்குவாள்.

இப்படிக்கு,
22 மதிப்பெண் வாங்கியவன்