முள் முட்டி நின்ற நாள்

உடல் பருத்தவர்களைக் குறித்து ஊரார் பேசும் வேடிக்கைப் பேச்சுகள் யாவும் எனக்கு மனப்பாடம். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியாசிரியையாகப் பணியாற்றிய எனக்கு மாணவர்கள் சூட்டியிருந்த பட்டப்பெயரும் தெரியும். அவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிப் பழகிய நான், ஓர் எடைக் கருவியின் முன்னே கண்கலங்கி நின்ற கதையை இன்று சொல்லப்போகிறேன். இதைப் படிக்கும் இல்லங்களிலும் என்னைப் போன்றோர் இருக்கக்கூடும் அல்லவா? அவர்களில் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின் என் வெட்கம் வீண்போகாது.

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம், முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்றும், மயக்க மருந்தின் அளவைக் கணிக்க எடை தெரிந்தாக வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். கூடத்தின் நடுவில் இருந்த கருவியில் ஏறினேன். அதன் முள் சரசரவென்று ஓடி, 120 என்னும் கடைசி எண்ணில் முட்டி நின்றுவிட்டது. "டாக்டர், இந்த அம்மாவுக்கு முள்ளு முட்டிக்கிச்சு!" என்று அங்கிருந்த பணிப்பெண் உரத்த குரலில் அறிவித்தாள். காத்திருந்தவர்களில் சிலர் சிரித்தனர். சிலர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டனர். "வேறு எங்காவது பெரிய தராசில் நிறுத்து எழுதி வாருங்கள்" என்றார் மருத்துவர். அவர் கடுமையாகப் பேசவில்லை. ஆயினும் அந்தப் "பெரிய தராசு" எங்கே இருக்கும் என்பதை நான் அறிவேன்.

அன்று மாலை என் மகன் என்னை ஓர் அரிசி மண்டிக்கு அழைத்துச் சென்றான். மண்டியின் உரிமையாளரான பாயின் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். நாங்கள் வந்த காரியத்தை மகன் தாழ்ந்த குரலில் சொன்னதும், அவர் மூட்டை தூக்கும் ஆட்களுக்குப் பணம் கொடுத்துத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டார். எண் காட்டும் பெட்டியைத் தெருப்பக்கமிருந்து சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். மூட்டைகள் ஏறும் இரும்புத் தட்டின்மேல் நான் ஏறி நின்றேன். அவர் ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "டீச்சரம்மா, இது உங்க கணக்கு. எனக்கு இப்பவே மறந்துபோச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். 146 கிலோ 800 கிராம். எழுபத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டுக்குச் சற்றே குறைவு. என் பாட்டி காலத்துக் கணக்கில் ஏறத்தாழப் பதின்மூன்று மணங்கு.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சிறுமியாய் இருந்தபோது புகைவண்டி நிலையத்தில் நின்ற எடை இயந்திரம் நினைவுக்கு வந்தது. வண்ண விளக்குகள் மினுங்க, உள்ளே சக்கரம் சுழல, காசைப் போட்டதும் ஒரு சிறு அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் சினிமா நடிகர் படமோ, நல்வாக்கு ஒன்றோ. எடையைப் பார்க்காமல் நல்வாக்கை மட்டும் படித்த காலம் அது. பின்னாளில் நான் செய்ததும் அதுவே. பதினைந்து ஆண்டுகளாக எந்தத் தராசிலும் ஏறாமல், சேலைதான் சுருங்கிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இனி வீட்டிலேயே ஒரு கருவி வேண்டும் என்று முடிவு செய்தேன். அதை வாங்குவது எளிதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மகன் முதலில் வாங்கி வந்த முள் தராசின் எல்லை 130 கிலோ. மருத்துவமனையில் பட்ட அவமானத்தை விலை கொடுத்து வீட்டுக்கே கொண்டுவந்ததுபோல் ஆயிற்று! ஆகவே நானே கடைக்குச் சென்று, கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் உச்ச எடையை முதலில் படித்தேன். மின்னணுக் கருவிகளில் பல 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடுகின்றன. 200 கிலோவும் அதற்கு மேலும் தாங்குபவை சில உண்டு. நம் எடையை ஒட்டி நிற்கும் எல்லை போதாது. இருபது முப்பது கிலோவாவது மிகுதியாக இருத்தல் நலம். எல்லை கடந்தால் அது எண்ணுக்குப் பதிலாகப் பிழைக்குறியைக் காட்டும், கருவியும் கெடும்.

அடுத்தது, தட்டின் அகலம். பருத்தவர்கள் கால்களைச் சற்று அகற்றியே நிற்க முடியும். குறுகிய தட்டில் விளிம்பை மிதித்தால் கருவி கவிழ்ந்து நாமும் விழ நேரிடும். உயரம் குறைவாக இருந்தால் முழங்காலுக்கு இதம். வழவழப்பான கண்ணாடியைவிடச் சொரசொரப்பான மேற்பரப்பு பாதுகாப்பானது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கருவியின்மேல் நேராக நின்றால், காலடியில் தெரியும் எண்ணை என் வயிறு மறைத்துவிடும். குனிந்தால் எண் மாறும். எண்காட்டி தனியாகப் பிரிந்து சுவரில் மாட்டத்தக்க கருவிகளும், கைபேசிக்கு எண்ணை அனுப்புபவையும் உண்டு. நானோ என் பேத்தியை நாடினேன். ஒன்பது வயதுச் சிறுமி. "அப்பாயி, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, தரையில் மண்டியிட்டு எண்ணைப் படிப்பாள். பாயிடம் கண்ட அதே நாகரிகத்தை அக்குழந்தையிடமும் கண்டேன்.

கொழுப்பின் விழுக்காட்டையும் காட்டும் கருவிகளைக் கடைக்காரர் பெரிதாகப் புகழ்ந்தார். அவை உடலினுள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி மதிப்பிடுபவை; அந்த எண் ஓர் ஊகமேயன்றி அளவையன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றில் ஏறலாகாது.

கருவி வந்ததும் அதைச் சோதித்தேன். மூன்று முறை ஏறி இறங்கினேன். மூன்று எண்களும் ஒத்திருந்தன. பின்னர் மகன் தனியாக ஏறி, அடுத்து ஐந்து கிலோ அரிசிப் பையை ஏந்தி ஏறினான். ஐந்து கிலோவே கூடியது. இத்தகைய கருவியின் நான்கு மூலைகளிலும் உள்ள உலோகத் துண்டுகள் நம் பாரத்தால் இம்மியளவு வளைகின்றன. அவ்வளைவால் மாறும் மின்தடையே எண்ணாகிறது. எனவே நான்கு கால்களும் கெட்டியான சமதரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாய்மேலோ விரிப்பின்மேலோ வைத்தால் அது பொய் சொல்லும். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறலாம். ஆனால் எண் எடுக்கும் நேரத்தில் கையை விட்டுவிட வேண்டும்.

தொடக்கத்தில் நாளுக்கு நான்கு முறை ஏறினேன். காலையில் மகிழ்ச்சி, மாலையில் துயரம்! இத்தாலி நாட்டு மருத்துவர் சாந்தோரியோ என்பவர், தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, தம் உடலையும் உணவையும் கழிவையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்து வந்து, 1614 ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். உட்கொண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே உடலைவிட்டு அகல்கிறது என்பது அவர் கண்ட உண்மை. உண்ட சோறும், குடித்த நீரும், ஊறுகாயின் உப்புமே ஒரு நாளில் ஓரிரு கிலோ ஏற்றி இறக்கும், அது கொழுப்பன்று. இதை அறிந்தபின் வாரத்தில் ஒரே நாள், காலையில், கழிப்பறைக்குச் சென்று வந்தபின், உண்பதற்கு முன், ஒரே வகை உடையில் ஏறி, எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். ஒரு நாளின் எண்ணைவிட ஒரு மாதத்தின் போக்கே பெரிது. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தணியத் தொடங்கும் என்றார் மருத்துவர். எனக்கு அது ஏழு கிலோவுக்குச் சற்று மேல். எட்டக்கூடிய இலக்கு என்று தோன்றியது.

2023 ஆம் ஆண்டு அக்டோபரில் 138 கிலோ 400 கிராமுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் அது நிகழ்ந்தது. திங்களன்று அந்த எண். புதனன்று மூச்சு சற்று வாங்கவே, முறைநாள் அல்லாதபோதும் ஏறினேன், 139.6. வெள்ளியன்று 141.1. நான்கே நாளில் இரண்டே முக்கால் கிலோ! உணவில் மிகுதி ஏதும் இல்லை. "அப்பாயி, கால்ல குழி விழுது" என்று விரலால் அழுத்திக் காட்டினாள் பேத்தி. முன்பென்றால் "பருத்த உடம்புக்கு மூச்சு வாங்காதா?" என்று நானே சமாதானம் சொல்லியிருப்பேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் சென்றோம்.

இதயம் தளர்ந்து, உடலில் நீர் தேங்கியிருந்தது. தேங்கும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோவாகத் தராசில் தெரியும். அவர் குறிப்பேட்டை இருமுறை புரட்டிப் பார்த்து, "நல்ல நேரத்தில் வந்தீர்கள் அம்மா" என்றார். நீர் பிரியும் மருந்தும் உப்புக் கட்டுப்பாடும் தந்தார். பத்து நாளில் நீர் வடிந்தது. படுத்தால் மூச்சும் சீராக வந்தது. அதுமுதல் அவர் கட்டளைப்படி நாள்தோறும் காலையில் ஏறுகிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்போது என் எடை 131 கிலோ சொச்சம். இது வெற்றியென்று பறைசாற்றத் தக்கதன்று. ஊரார் கண்ணுக்கு நான் இன்னும் பருத்தவளே. ஆயினும் அந்தக் கருவியைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. அது என் குணத்தை நிறுக்கவில்லை. என் உழைப்பையோ அன்பையோ நிறுக்கவில்லை. வெப்பமானி காய்ச்சலைச் சொல்வதுபோல் உடலின் செய்தி ஒன்றைச் சொல்கிறது, அவ்வளவே. எண்ணைக் கண்டால் மனம் உடைந்துபோகிறது என்போர், அதை வேறொருவர் படித்து மருத்துவருக்கு மட்டும் சொல்லும்படி செய்யலாம், தவறில்லை.

உங்கள் இல்லத்தில் பருத்த உடலினர் ஒருவர் இருந்தால், அவர் தராசில் ஏறும்போது எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் நான்காக மடித்த துண்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த எண்ணுக்காக அதை நான் காக்கவில்லை. அதை மடித்துக் கொடுத்த கைக்காகவே காத்துவருகிறேன்.