முக்காலே மூன்று வீசமும் பகுதிப் பின்னங்களும்

 

தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கும் தொகையீட்டுக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். சென்ற மாதம் வரை எனக்கும் அதே எண்ணந்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்குப் பின்னம் என்றால் ரொட்டித் துண்டு, ஆரஞ்சுச் சுளை, வண்ணக் காகிதப் பட்டை, அவ்வளவே. ஆறாம் படிவத்தில் பயிலும் என் மகனின் பயிற்சி ஏடு ஒன்று அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

ஆறாம் படிவக் கணிதத்தின் முதல் தவணையில் பகுதிப் பின்னங்கள் வருகின்றன. இரண்டாம் தவணையில் நுண்கணிதம் வரும்போது, முன்பு படித்த அதே பகுதிப் பின்னங்களைக் கொண்டு தொகையீடு செய்ய வேண்டும். முதல் தவணையில் ஒருவாறு மனனம் செய்து தப்பித்தவன், இரண்டாம் தவணையில் அகப்பட்டுக்கொண்டான். ஒருநாள் இரவு உணவுக்குப் பின் மேசையில் ஒரு படிவத்தை வைத்து, "அம்மா, கணக்க விட்டுடலாம்னு இருக்கேன். வேற பாடம் எடுத்துக்கறேன். இதுல கையெழுத்துப் போடுங்க" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம் உண்டு. 1999இல் இதே ஆறாம் படிவத்தில் அமர்ந்து இதே சொற்களை என் தந்தையிடம் நானும் கூறினேன். அப்போது எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோருக்கு அடிப்படை போதாது, வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. கணிதத்தைக் கைவிட்டேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றேன். விதியின் விளையாட்டைப் பாருங்கள், பணியில் அமர்ந்த நாள்முதல் எனக்குக் கிடைத்த பாடம் கணிதமே! அந்த ஆசிரியர் தவறு என்று காட்ட வேண்டும் என்பதற்காகவே என் மாணவர்களுக்கு அடிப்படையை ஊன்றிக் கற்பிக்கிறேன் என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

கையொப்பம் இடாமல், "முதல்ல அந்தக் கணக்கக் காட்டுப்பா" என்றேன்.

தெரியாத எண்ணைக் குறிக்கப் பள்ளியில் எக்ஸ் என்று எழுதுவார்கள். இங்கே அதற்குப் பதிலாக 'த' என்ற எழுத்தைப் பயன்படுத்துகிறேன். கணக்கு இதுதான்:

(5த + 1) / [(த + 2)(த − 1)]

இதனைத் தொகையீடு செய்ய வேண்டும். அவன் முதல் வரியில் இவ்வாறு பிரித்திருந்தான்:

5த/(த + 2) + 1/(த − 1)

மேலே இரண்டு உறுப்புகள், கீழே இரண்டு காரணிகள், ஆளுக்கொன்று கொடுத்துவிட்டான்! பார்ப்பதற்கு நியாயமான பங்கீடு போலத்தான் இருந்தது. தொகையீடு எனக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் பின்னம் என்னுடைய துறையல்லவா? "த இருக்கிற இடத்துல சுழியம் போட்டுப் பாரு" என்றேன். முதற்பின்னம் −1/2 தந்தது. அவன் பிரித்து எழுதியது −1 தந்தது. இரண்டும் சமமாக இருக்க வேண்டியவை. அவன் ஏட்டையே வெறித்துப் பார்த்தான்.

அடுத்து ஒரு தாளில் 5/6 என்று எழுதினேன். "ஆறில் ஐந்து. ஆறு என்பது இரண்டு பெருக்கல் மூன்று. இதை அரைகளாகவும் மூன்றிலொரு பங்குகளாகவும் பிரி" என்றேன். பதினெட்டு வயதுப் பையன், கூடுதல் கணிதம் தேறியவன், எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டிருந்தால் இமைப்பொழுதில் 5/6 என்று சொல்லியிருப்பான். திருப்பிக் கேட்டதும் வழி தெரியவில்லை.

சற்று நேரம் கழித்து அவன் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "நீங்க இதச் சொல்லிக் குடுக்கவே இல்லையே, டீச்சர்."

வீட்டில் அவன் என்னை டீச்சர் என்று அழைப்பதில்லை. 2018இல் ஐந்தாம் ஆண்டில் அவன் என் வகுப்பு மாணவன். பள்ளியில் அம்மா என்று அழைக்கக்கூடாது என்பது நான் விதித்த கட்டளை. அந்த ஆண்டு பின்னம் கற்பித்தவள் நானே. வேறு எவர்மீதும் பழி போட இயலாது.

என்ன கற்பித்தேன்? வண்ணத்துப்பூச்சி முறையைக் கற்பித்தேன். ஆசிரியர்களுக்கு இது நன்கு தெரியும். இரண்டு பின்னங்களை அருகருகே எழுதி, குறுக்காகப் பெருக்கி இறக்கை வரைந்து, கீழே பகுதி எண்களைப் பெருக்கினால் விடை வந்துவிடும். சுவரில் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை ஒட்டிவைத்திருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்படும் வரை நம் வகுப்புகள் எப்படி இயங்கின என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பது வினாக்கள், ஓடும் கடிகாரம். வண்ணத்துப்பூச்சி வேகமாகப் பறந்தது. புள்ளிகள் வந்தன, பெற்றோர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆனால் 1/2 எப்படி 3/6 ஆயிற்று, 1/3 எப்படி 2/6 ஆயிற்று, அவை ஏன் ஒரே அளவுத் துண்டுகளாக வேண்டும் என்பதை அந்த இறக்கைகள் மறைத்துவிட்டன. பொதுப் பகுதி எப்படிப் பிறந்தது என்று காணாத பிள்ளைக்கு அதைப் பிரித்துப் பழைய பகுதிகளை மீட்கும் வழி எங்கிருந்து தெரியும்?

சரி, கணக்குக்கு வருவோம். எதற்காகப் பிரிக்க வேண்டும்? தொகையீட்டில், பெருக்கலாகக் கட்டுண்டு கிடக்கும் இரண்டு காரணிகளை ஒருங்கே கையாள எளிய விதி கிடையாது. கூட்டலாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தொகையிட்டுச் சேர்க்கலாம். 3/(த + 2) போன்ற தனிப்பின்னம் தொகையிடுவதற்கு மிக எளிது, விடை மடக்கை. ஆகவே சிக்கலான ஒரு பின்னத்தைப் பல எளிய பின்னங்களின் கூட்டலாக மாற்றுவதே முழு வேலையும்.

எத்தனை துண்டு இருக்க வேண்டும், கீழே என்ன இருக்க வேண்டும் என்பவை தெரியும். மேலே என்ன எண் என்பதுதான் தெரியாது. அதைக் காண ஒரு சுருக்கு வழி உண்டு. (த + 2) என்ற காரணியை விரலால் மறையுங்கள். அந்தக் காரணியைச் சுழியமாக்கும் −2ஐ எஞ்சிய இடங்களில் இடுங்கள். மேலே −9, கீழே −3, விடை 3. அடுத்து (த − 1)ஐ மறைத்து 1ஐ இடுங்கள். மேலே 6, கீழே 3, விடை 2. ஆகவே,

(5த + 1) / [(த + 2)(த − 1)] = 3/(த + 2) + 2/(த − 1)

த = 0 என்று இட்டால் 3/2 − 2, அதாவது −1/2. இம்முறை சரிபார்த்தது மகன், நான் சொல்லவில்லை. தொகையிட்டால், (த + 2)இன் இயல் மடக்கை மூன்று மடங்கு, (த − 1)இன் இயல் மடக்கை இரண்டு மடங்கு, இறுதியில் ஒரு மாறிலி. மடக்கைக்குள் மட்டுமதிப்புக் குறி வேண்டும் என்று அவன் திருத்தினான். மாறிலியை அவன் மறந்தான், நான் திருத்தினேன். கணக்குச் சரியாகிவிட்டது!

இந்த மறைப்பு முறைக்கு ஆலிவர் எவிசைடு என்ற ஆங்கிலேயரின் பெயர் வழங்குகிறது. 1850இல் பிறந்த அவர், பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தித் தந்தி இயக்குநராகப் பணிபுரிந்து, உயர்கணிதத்தைத் தாமே கற்றவர். அடிப்படை போதாது என்று அவரிடமும் யாரேனும் சொல்லியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை முன்னரே கவனிக்க வேண்டும். மேலே உள்ளதன் படி கீழே உள்ளதன் படிக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் பெரிதும் தவறுவது இங்குத்தான் என்று மகன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. 17/5 என்ற தகா பின்னத்தை 3 2/5 என்று கலப்புப் பின்னமாக்குவது நம் தொடக்கப்பள்ளிப் பாடமல்லவா? அதே வேலைதான்.

காரணி ஒன்று இருமுறை வந்தால் என்ன செய்வது? கீழே (த − 1)² இருந்தால் (த − 1)இன் மேல் ஒரு துண்டும் (த − 1)²இன் மேல் ஒரு துண்டும் எழுத வேண்டும். ஏன் இரண்டும் வேண்டும் என்று மகன் கேட்டபோது எனக்குத் தோட்டத்துப் பாட்டியின் நினைவு வந்தது. ஏதேனும் ஒரு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டால் பாட்டி, "முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்பார். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் 3/4 + 3/16, அதாவது 15/16. கீழே இருப்பது 16. இரண்டு நான்குமுறை பெருகி வந்த எண். பாட்டி அதைப் பதினாறில் பதினைந்து என்று ஒரே மூச்சாகச் சொல்லவில்லை. முதலில் நான்கின் மேல் ஒரு துண்டு, எஞ்சியதற்குப் பதினாறின் மேல் ஒரு துண்டு. அதுபோலவே 7/8ஐ முக்காலே அரைக்கால் என்றார்கள். நம் முன்னோர் பின்னத்தைப் பிரித்தே பேசினார்கள்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கைவந்த ஒன்றை, பயிற்சி பெற்ற பேத்தி வகுப்பறையிலிருந்து நீக்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மகன் வேறொரு வினாவோடு வந்தான். 5/6ஐ 1/2 + 1/3 என்று பிரித்தோம். 3/2 − 2/3 என்றும் பிரிக்கலாமே, அதுவும் 5/6தானே என்றான். உண்மைதான். அப்படியானால் தன் பாடத்தில் மட்டும் ஏன் ஒரே விடை வருகிறது? எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் ஆசிரியர் அறையில் பயிற்றேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது விடை புலப்பட்டது. 3/2 என்பது 1/2ஓடு 1 சேர்ந்தது. −2/3 என்பது 1/3இலிருந்து 1 நீங்கியது. அரை ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறது. மூன்றிலொரு பங்கு அதைக் கொடுத்துவிடுகிறது. எண்களில் இப்படிக் கைமாற்று நடக்கலாம். ஆனால் மகனின் கணக்கில் ஒவ்வொரு துண்டின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியைவிடத் தாழ்ந்த படியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே ஒரு துண்டோடு 1ஐச் சேர்த்தால் மேலும் கீழும் ஒரே படியாகிவிடும். ஆகவே கைமாற்றுக்கு இடமில்லை, விடை ஒன்றே. அன்று மாலை இதை அவனிடம் சொன்னபோது எனக்கிருந்த மகிழ்ச்சியை எழுத முடியாது. 1999இல் விட்ட இடத்திலிருந்து ஓரடி நகர்ந்தது போல இருந்தது.

அவனுக்கு இன்னொன்றும் சொன்னேன். பகுதிப் பின்னங்களைக் கொண்டு தொகையிடும் முறையை 1702இல் வெளியிட்டவர்கள் லைப்னிட்சும் யோகான் பெர்னூலியும். நுண்கணிதத்தைப் படைத்த இருவரில் ஒருவரான லைப்னிட்சே இதில் ஓரிடத்தில் தடுக்கி விழுந்தார். த⁴ + 1 போன்ற கோவையை மெய்யெண்களைக் கொண்டு இரு காரணிகளாகப் பிரிக்க இயலாது என்று அவர் கருதினார். உண்மையில் அதை (த² + 1)² − 2த² என்று எழுதினால் இரு வர்க்கங்களின் வேறுபாடாகிவிடும். பிறகு பிரிப்பது எளிது. "அவருக்கே தெரியலையா?" என்று மகன் இருமுறை கேட்டான்.

சென்ற வாரம் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வண்ணத்துப்பூச்சியைச் சுவரிலிருந்து கழற்றினேன். காகிதப் பட்டைகளைக் கொடுத்து, 5/6ஐ இரண்டு பின்னங்களாகப் பிரிக்கச் சொன்னேன். வகுப்பே கலவரமாயிற்று. ஒருவன் 1/6 + 4/6 என்றான். ஒருத்தி 1/6 + 2/3 என்றாள். நெடுநேரம் பட்டைகளை மடித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி 1/2 + 1/3 என்று மெதுவாகச் சொன்னாள். முன்வரிசைச் சிறுவன் எழுந்து, "டீச்சர், கூட்டுனா ஒரு விடைதான் வருது, பிரிச்சா ஏன் இத்தனை வருது? எதுக்குச் சரி போடுவீங்க?" என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். அன்றைய பாடத்திட்டத்தில் பாதி முடியவில்லை. தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பின்னத்தைக் கூட்டி விடை சொன்னால், அந்த விடையை மீண்டும் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆசிரிய நண்பர்கள் தங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதினால் மகிழ்வேன்.

மகன் கொண்டுவந்த படிவம் இன்னமும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையின் கீழ்த் தொங்குகிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டுமாம். நான் கையொப்பம் இடவில்லை. அவனும் இதுவரை மறுபடி கேட்கவில்லை.