அழுந்தாத கை

கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தணிந்து பால் குறைந்துவிடும் என்பதனால், இருள் பிரியுமுன்னரே மலைக்குப் புறப்படும் என் தாயாரின் பின்னே, கண்ணில் உறக்கம் தேங்க நடந்த நாட்கள் அநேகம். பழைய வெட்டின்மீது அவர் கத்தியைச் சாய்வாக இழுத்துவரும்போது, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மிகுந்த கனமுள்ள பட்டைச் சீவல் சுருண்டு உதிரும். அதன் கீழே வெண்கோடொன்று அரும்பி, ஓடி, சிரட்டையில் சொட்டத் தொடங்கும். ஆழம் குறைந்தால் பால் இல்லை. மிகுந்தால், புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் புண்பட்டுவிடும். அந்நேரத்தில் நான் எதைக் கேட்டாலும் பதில் வராது. கத்தியை எடுத்த பின்னரே, "பட்டையில கத்தி இருக்கையில வாய் பேசக்கூடாதுடா" என்பார். ஒருநாள் அவர் அறியாமல் நானே ஒரு மரத்தை வெட்டிப் பார்த்தேன். கத்தி மரம் வரையில் இறங்கிற்று.

ஆசிரிய உத்தியோகத்தின் நிமித்தம் இரத்தினபுரிக்குச் சென்ற பிறகு, தாயாரின் அவ்வார்த்தை மீண்டும் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே கல் வெட்டும் முதியவர் ஒருவர், ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் செங்குத்தான சக்கரத்தைச் சுழற்றியபடியே, மறு கையால் நீலக்கல் ஒன்றை அதன்மேல் ஒற்றிக்கொண்டிருந்தார். அழுத்தினார் என்று சொல்ல மனம் வரவில்லை. அவ்வப்போது கல்லை எடுத்து வெளிச்சத்தில் நோக்குவார். பின்பு மயிரிழை அளவு திருப்பி, வேறொரு திசையிலிருந்து வைப்பார். "இந்தப் பக்கமா வச்சா கல்லு கேக்காது, மாஸ்டர்" என்றார்.

கல் கேளாமைக்குக் காரணம் உண்டு. 1812 இல் மோஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, நீலக்கல் 9. எங்கள் கேகாலையின் போகல சுரங்கத்துக் காரீயமோ 1க்கும் 2க்கும் இடைப்பட்டது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட நீலக்கல்லின் கடினம் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையதன்று. இதனினும் வியப்புக்குரியது, அதன் மேற்பரப்பை வைர ஊசியால் கீறி ஆராய்பவர்கள் கண்டது. மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய நானோமீற்றரால் அளக்கத்தக்க ஆழத்தில் மட்டும் ஊசி மெல்லப் பதிந்து நகருமானால், கண்ணாடிபோல் உடையும் சுபாவமுள்ள அப்படிகம் உடையாமல் மெழுகுபோல் இளகி வழிவிடுகிறது. ஊசி ஒரு குறிப்பிட்ட ஆழத்தைக் கடந்த மாத்திரத்திலேயே வெடிப்புகள் கிளைவிடுகின்றன. வன்மையிற் சிறந்த வஸ்துவும் மென்மைக்கு இணங்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லை கண்ணுக்குப் புலப்படாதது என்பதும், அம்முதியவரின் விரல் நுனி அறிந்திருந்த சாஸ்திரம்.

துரைமார் விளையாட்டென்று நாங்கள் தூரத்தே நின்று பார்த்த கோல்ஃபிலும் இதற்கொரு சாட்சி உண்டு. குழியை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டிவிடும் கடைசிக் கட்டத்தில், கை ஒரு சிறிது மிகுந்தாலும் ஆட்டம் கெடும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் மூளை மின்னலைகளை அமெரிக்க ஆய்வாளர் குரூஸும் லாண்டர்ஸும் பதிவுசெய்து 1993 இல் வெளியிட்டனர். தட்டுவதற்கு முந்திய சில விநாடிகளில், மூளையின் இடப்பக்கத்தில் ஆல்பா என்னும் அலை ஓங்கியது. அவ்வலை ஓங்குவதை அப்பகுதி ஓய்வதன் அடையாளமாகக் கொள்வர். பெரும்பாலோர்க்கு மொழி குடியிருப்பதும் அந்த இடப்பக்கமே. உள்ளே பேச்சு அடங்குகிறபோதுதான் கை தன் அளவை அறிகிறது என்று இதனைப் பொருள்கொள்ளலாம் போலும். பேச்சையே ஜீவனோபாயமாகக் கொண்டு, கேளாத பிள்ளைகளை மேலும் மேலும் அழுத்திக் கற்பித்த எனக்கு, இது சற்றுத் தாமதமாகவே விளங்கிற்று.

நான் கெடுத்த மரத்தில், சில ஆண்டுகள் சென்று பட்டை மறுபடி வளர்ந்தபோது, அவ்விடத்தில் ஒரு முண்டு எழுந்திருந்தது. அதை அணுகும்போது தாயார் கத்தியை ஒரு கணம் தளர்த்தி, முண்டைச் சுற்றி இழுத்துச் செல்வார். யார் செய்ததென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.