பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கோடை

பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பார்த்து “அடுத்து என்ன?” என்று ஊரே கேட்கும். பத்தாவது முடித்த பிள்ளையிடம் அதே அக்கறையோடு கேட்பவர்கள் குறைவு. ஆனால் பாதிக் கதவுகள் அடைபடுவது அந்தக் கோடையில், பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று எழுதிக் கொடுக்கும்போதுதான்.

கணக்கு வராது என்று ப்யூர் சயின்ஸ் எடுக்கும் மாணவிக்கு நீட், நர்சிங், பார்மசி, வேளாண்மை எல்லாம் உண்டு. பொறியியல் கைவிட்டுப் போகிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்ஆஃப் 200-இல் கணக்குக்கு மட்டும் 100. இதைத் தெரிந்து எடுத்த முடிவென்றால் கவலையில்லை. தோழி சேர்ந்தாள் என்பதற்காகவும், பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் மட்டுமே இருக்கிறது என்பதற்காகவும் எடுப்பவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

இன்னொரு முடிவும் அதே கோடையில் நடக்கிறது. மகன் நல்ல மார்க் வாங்கிவிட்டான் என்று, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021-இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. டி.சி. வாங்கும் நாளிலேயே அந்த உரிமை போய்விடுகிறது. அதைச் சொல்ல ஒரு ஆசிரியர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்; அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத வீடுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

பத்தாவதோடு பாலிடெக்னிக் போகிறவர்களைத் தோற்றவர்களாகப் பார்ப்பதும் அநியாயம். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ இந்த வழிகளை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்கிறது. நல்ல வேலை. ஆனால் வழிகாட்டல் என்பது மேடைப் பேச்சோடு முடிவதில்லை. அதில் பெரும்பகுதி காகித வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து அவை கைக்கு வர நாளாகும். ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்றால் இன்னும் அலைச்சல். தினக்கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். ஜனவரியிலேயே மாணவர்களின் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்க்கும் வகுப்பாசிரியரின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கலந்தாய்வில் நான்கைந்து பெரிய கல்லூரிகளை மட்டும் பதிந்துவிட்டு, அந்தச் சுற்றில் இடமே கிடைக்காமல் நிற்கும் மாணவனுக்குப் பட்டியலை நீட்டச் சொல்வதும் அவரே.

பெற்றோர் கூட்டத்துக்கு அதே பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஓர் அக்காவை அழைத்தால் இன்னும் நல்லது. விடுதியில் எவ்வளவு ஆகும், எந்த பஸ், முதல் செமஸ்டர் ஆங்கிலப் பாடங்களை எப்படிச் சமாளித்தாள், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எதற்கெல்லாம் உதவுகிறது என்று அவள் சொல்வாள். “அவ்வளவு தூரம் பெண்ணை எப்படி அனுப்புவது?” என்று தயங்கும் அம்மாக்கள் அவளிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பத்தாம் வகுப்பிலேயே நடத்த வேண்டும்.