ரிமோட்டில் 25, அறையில் எத்தனை?

எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று ஏர்கான், மூன்று ரிமோட். எந்த எண்ணில் வைப்பது என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை கிடையாது. கணவருக்கு 20. எனக்கு 26. நான்கு வயது மகனுக்கு எண்ணெல்லாம் தெரியாது, போர்வையை உதைத்துத் தள்ளத்தான் தெரியும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஏர்கானே வேண்டாம். "ஃபேன் போதும்மா. எனக்கென்ன வெக்கை?" என்று முடித்துவிடுவார்.

சிங்கப்பூரில் பாதி வீடுகளில் இதே பஞ்சாயத்துதான் நடக்கும் என்று நினைக்கிறேன். அலுவலகங்களிலும் இதுதான். எங்கள் வானொலி ஒலிப்பதிவு அறை எப்போதும் சில்லென்று இருக்கும். "வெளியே வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று நேயர்களிடம் சொல்லும்போது என் தோளில் சால்வை கிடக்கும்.

ஏர்கான் முதலில் மனிதர்களுக்காக உருவானதில்லை. 1902ஆம் ஆண்டு, நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் சரியாகப் பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரம்தான் இதன் தொடக்கம். பிறகுதான் அது மனிதர்களிடம் வந்தது. சிங்கப்பூரின் வளர்ச்சியில் ஏர்கானுக்குப் பெரிய பங்கு உண்டு என்று திரு லீ குவான் இயூ சொல்லியிருக்கிறார். பிரதமரானதும் அரசாங்க ஊழியர்கள் பணிபுரிந்த கட்டடங்களில் அதைப் பொருத்தச் செய்ததாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அப்படி அலுவலகத்தில் பழகிய குளிர், மெதுவாக நம் படுக்கையறைக்கும் வந்துவிட்டது.

ஆனால், உடம்புக்கு இதமாக இருக்கிறதா என்பதை ரிமோட்டில் தெரியும் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970இல் இதை விரிவாக எழுதினார். அவர் கணக்கில் ஆறு விஷயங்கள் வருகின்றன. காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர், கூரை போன்றவற்றின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், நாம் உடுத்தியிருக்கும் துணி, நம் உடல் செய்யும் வேலை. ரிமோட்டில் நாம் அமுக்குவது இந்த ஆறில் முதல் ஒன்றை மட்டும்தான்.

ஒரே அறையில் ஒருவர் நடுங்க, மற்றவர் வியர்ப்பதற்கும் காரணம் உண்டு. அலுவலகக் குளிரை நிர்ணயிக்கும் கணக்கில், உடல் வெளியிடும் வெப்பத்துக்கு ஒரு நடுத்தர வயது ஆணின் அளவையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015இல் சுட்டிக்காட்டினார்கள். பெண்களின் உடல் வெளியிடும் வெப்பம் பொதுவாக அதைவிடக் குறைவு. இதைப் படித்ததிலிருந்து ஸ்டூடியோவில் சால்வை போர்த்தும்போது யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை.

நம் ஊரிலேயே செய்யப்பட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. 1991இல் வெளியானது. ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் அடுக்குமாடி வீட்டினருக்கு 28.5 டிகிரி இதமாக இருந்தது. ஏர்கான் அலுவலகங்களில் இருந்தவர்களுக்கோ ஏறக்குறைய 24 டிகிரிதான் இதமாக இருந்தது. ஊர் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு. மெல்லிய துணி, திறந்த ஜன்னல், விசிறிக் காற்று இருந்தால் நான்கு டிகிரி கூடுதலாக இருந்தாலும் உடல் ஏற்றுக்கொள்கிறது.

எங்கள் படுக்கையறைப் பஞ்சாயத்து இந்த வழியில்தான் தீர்ந்தது. ஏர்கானை 25இல் வைத்து, கூரை விசிறியை மெதுவாகச் சுழலவிட்டோம். காற்று உடலில் பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். விசிறிக்கு ஆகும் மின்சாரம் ஏர்கானுக்கு ஆவதில் சிறு பங்குதான். கணவர் முதல் இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள் எண்ணைப் பார்க்கவே இல்லை, தூங்கிவிட்டார்.

வேலை முடிந்து வந்ததும் ரிமோட்டை 16க்குக் கொண்டுபோவது பலரின் வழக்கம். அதனால் அறை வேகமாகக் குளிர்ந்துவிடாது. சூடான அறையில் 25இல் வைத்தாலும் இயந்திரம் தொடக்கத்தில் முழு மூச்சுடன்தான் ஓடும். 16 என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, வெப்பத்தை அளக்கும் உணரி பெரும்பாலும் ஏர்கானுக்குள்ளேயே, காற்றை உள்ளிழுக்கும் இடத்தில், கூரைக்கு அருகில் இருக்கிறது. நாம் படுத்திருக்கும் மூலையில் எவ்வளவு வெப்பம், எந்தச் சுவர் சுடுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சுடும் சுவர் என்றதும் எனக்கு அத்தையின் அறைதான் நினைவுக்கு வரும். மேற்குப் பார்த்த அறை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகச் சுவரில் அடிக்கும். கான்கிரீட் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்.

அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் விசிறிகூட இல்லாத வீட்டில் வளர்ந்தவர். "அப்பல்லாம் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவோம்" என்பார். அவர் அறையிலும் ஏர்கான் இருக்கிறது. ஆனால், ரிமோட் மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

கடந்த ஆண்டு மே மாதம் ஒரு பிற்பகல், அவருக்குத் தலை சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது என்ற மருத்துவர், கூடவே ஒரு கேள்வி கேட்டார். "பிற்பகலில் இவர் எந்த அறையில் இருப்பார்?"

வயதாக ஆக வியர்ப்பது குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. சில இரத்த அழுத்த மாத்திரைகள் உடலின் நீரையும் வெளியேற்றிவிடும். ஆகவே, "எனக்கு வெக்கையே தெரியல" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. உண்மையிலேயே தெரிவதில்லை. கவலைப்பட வேண்டியதும் அதற்காகத்தான்.

சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி அத்தையின் அலமாரியில் வைத்தேன். பத்து வெள்ளிகூட இல்லை. மாலை நான்கு மணிக்கு 33 காட்டியது. இரவு பத்து மணிக்கு, வெளியே நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தபோதும், உள்ளே 31. நான் வேலை நாளெல்லாம் வானிலை வாசிக்கிறேன். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983ஆம் ஆண்டின் உச்சத்தைத் தொட்டதெல்லாம் எங்களுக்குப் பெரிய செய்தி. ஆனால், வீட்டுக்குள் மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருப்பவரின் வெப்பநிலையை எந்த வானொலியும் வாசிப்பதில்லை.

வெப்பமானியைக் காட்டியும் அத்தை மசியவில்லை. "பையன் வந்து படுத்தா போடறேன்" என்றார். பேரனுக்கு என்றால் போடுவார், தனக்கு என்றால் மாட்டார். அவன் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து திரும்ப மாலை ஆறு ஆகிவிடும்.

அவரைத் தடுத்தது வெயிலைப் பற்றிய எண்ணம் இல்லை, மின்கட்டணம். அவர் பணம் பற்றி வாய் திறந்து சொல்லமாட்டார். மாமா போன பிறகு, மகன் சம்பாத்தியத்தில் செலவு வைக்கிறோமோ என்ற கூச்சம் அவரிடம் கூடிவிட்டது. அதனால் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தச் சிறிய ஏர்கான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்கூட ஆகாது. ஒரு யூனிட் சுமார் 30 காசு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு வெள்ளிக்கும் குறைவு.

"தே-ஓ விலைகூட இல்லையா?"

"இல்லை அத்தை. கீழே காப்பிக்கடையில் நீங்க குடிக்கிற தே-ஓவைவிடக் குறைவு."

"சரி. பில்லு வரட்டும், பார்க்கிறேன்" என்றார்.

பில் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, போன மாதத்துப் பில்லையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரிமோட் இழுப்பறையிலிருந்து தலையணை அருகே வந்திருந்தது. பிளாஸ்டிக் உறை மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது மதியம் இரண்டு முதல் ஐந்து வரை 27இல் ஓடுகிறது, கூடவே விசிறியும். கணவர் கனமான திரைச்சீலை மாட்டி, கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவதும் அவர் பொறுப்பு. மாலையில் வெயில் தணிந்ததும் அத்தை ஏர்கானை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுவார். அதில் அவரை நான் வற்புறுத்துவதில்லை. செம்பவாங் காற்றில் வளர்ந்தவருக்கு ஜன்னல் வேண்டும்.

நான் நிகழ்ச்சியில் இருக்கும் பிற்பகல்களில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வரும். "32. போட்டுட்டேன்" என்று மட்டும் இருக்கும்.

25 டிகிரியில் வையுங்கள் என்று நம் அரசாங்கம் சொல்வது நல்ல அறிவுரைதான். மின்சாரம் மிச்சமாகும். பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால், அந்த எண்ணை அமுக்குவதற்கு முன், வீட்டில் மூத்தவர் எந்த அறையில் படுக்கிறார், எந்தச் சுவரில் வெயில் அடிக்கிறது என்று பாருங்கள். இந்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு வெப்பமானியை அந்த அறையில் வையுங்கள். "வெக்கையா இருக்கா?" என்று கேட்டால் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். வெப்பமானியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.