விசில் அவர் கையில்

2022 டிசம்பரில் கத்தாரில் ஜெர்மனியும் கோஸ்தா ரிக்காவும் மோதிய உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நமக்கு அது விடியற்காலை மூன்று மணி. ஜெர்மனி 4-2 என்று வென்றும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய ஆட்டம் அது. வீட்டிலிருந்த ஆண்கள் எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். நான் நடுவரைப் பார்த்தேன்.

அவர் பெயர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார், பிரெஞ்சுப் பெண்மணி. ஆண்களின் உலகக் கிண்ணம் 1930இல் தொடங்கியது. அதில் ஒரு பெண் நடுவராக நின்று ஆட்டத்தை நடத்த 92 ஆண்டுகள் ஆயிற்று. அன்று கோட்டோரம் கொடி பிடித்த பிரேசிலின் நெவுசா பாக்கும் மெக்சிக்கோவின் கரென் தியாசும்கூடப் பெண்கள்தாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நடுவர் வேலையின் பாடு தெரியும். எங்கள் தோட்டத்துத் திடலில் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் விசில் ஊதுவார். ஒரு பினால்டி கொடுத்துவிட்டால் போதும், அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் ஏச்சு விழும். பெண்களான எங்களுக்கோ ஓரத்தில் தேநீர்க் கேத்தலோடு நிற்கும் வேலை. உள்ளே கால் வைத்தால் அதற்கும் ஏச்சுத்தான்.

ஃப்ராப்பார் 1983இல் பாரிசுக்கு அருகே பிறந்தவர். தாமும் பந்து உதைத்தவர்தாம். விதிமுறைகளைக் கற்கலாமே என்று 13 வயதில் நடுவர் பயிற்சிக்குப் போனார். 18 வயதில் ஆட்டமா, விசிலா என்று தீர்மானிக்க வேண்டி வந்தபோது விசிலைத் தேர்ந்துகொண்டார். 2009இல் அனைத்துலக நடுவர், 2014இல் பிரெஞ்சு ஆண்களின் இரண்டாம் பிரிவு, 2019 ஏப்ரலில் முதல் பிரிவு, அதே ஆண்டு ஜூலையில் மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டம் என்று படிப்படியாக ஏறினார்.

அடுத்த மாதமே இஸ்தான்புல்லில் லிவர்பூலும் செல்சியும் மோதிய சூப்பர் கிண்ணம். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் 2-1 என்று முன்னணியில் இருக்கும்போது, அதன் கோல்காவலர் செய்த குற்றத்துக்காகச் செல்சிக்குப் பினால்டி கொடுத்தார். ஆட்டம் சமமானது. கடைசியில் பினால்டி உதைகளில் லிவர்பூல்தான் வென்றது. ஆட்டம் முடிந்ததும் லிவர்பூல் பயிற்றுநர் யூர்கன் கிளோப், நடுவர்கள் ஊதிய தரத்துக்குத் தாங்கள் ஆடியிருந்தால் ஆறு கோல் வித்தியாசத்தில் வென்றிருப்போம் என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் தோட்டத்து ஆசிரியருக்கு இப்படி ஒரு சொல் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை!

"பெண் என்று சலுகை காட்டி ஏற்றிவிட்டார்கள்" என்று பேசுவோர் உண்டு. சலுகையா? கணக்கைக் கேளுங்கள். ஆண்களின் ஆட்டத்தை நடத்த ஆண்களுக்குரிய ஓட்டச் சோதனையில் தேற வேண்டும். 40 மீட்டரை 6 விநாடிக்குள் ஓட வேண்டும், அதுவும் ஆறு முறை. மகளிர் ஆட்டத்துக்கு என்றால் 6.4 விநாடி. அதன் பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, உடனே மறுபடி ஓட வேண்டும். இப்படி நாற்பது முறை. கூட்டினால் 4 கிலோமீட்டர்! 164 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தப் பெண்மணி இந்த அளவுகோலில் தேறித்தான் திடலில் இறங்கினார். சாய்வு நாற்காலியில் இருந்தபடி குறை சொல்கிற அண்ணன்மார் ஒரே ஒரு முறை ஓடிக் காட்டட்டும், பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். பதினேழு வயது. நடுவர் பயிற்சியில் சேரப் பாரத்தை வாங்கி வந்துவிட்டாள். அண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஆம்பளைங்க நடுவுல நின்னு விசில் ஊதுற வேலையா? நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நடுவர்னு சொல்லுங்க அண்ணி," என்றேன். முறைத்தார்.

நம் மலேசியாவின் ரீட்டா கனி 2015இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கிண்ணத்துக்கே நடுவராகப் போனவர் என்று எடுத்துச் சொன்னேன். "அவங்க வீட்ல விட்டாங்க," என்றார். அண்ணியின் பயம் பொய்யல்ல. ஏச்சு விழும். வெயிலில் கறுத்துப் போவாள், சம்பாத்தியமும் பெரிதாக இராது. ஆனால் ஆசைப்பட்டதை முயன்றுகூடப் பார்க்காமல் இருபது வருடம் கழித்து இவளும் கேத்தலோடு ஓரத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாரத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. போன ஞாயிறு தாமான் திடலில் 75 மீட்டர் அளந்து, இரு முனையிலும் செருப்பை வைத்து, கடிகாரத்தோடு நின்றேன். முதல் ஓட்டம் 17 விநாடி. பதினோராவது ஓட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி தண்ணீர்ப் போத்தலோடு வேலியோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"இன்னும் எத்தனை தடவை ஓடணும்?" என்று கேட்டார்.

"இருபத்தொன்பது, அண்ணி."